நாலு பேர் எழுதிய நிரல், நாலு தனி மார்க்: குழு ப்ராஜெக்டை எப்படி வாங்குவது, எப்படித் திருத்துவது

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் ரிவ்யூ. நான்கு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். விடுதி மெஸ் கணக்குப் போடும் வலைச்செயலி, நன்றாகவே ஓடியது. "மாசத்து நடுவுல சேர்ந்த பையனுக்கு அந்த நாள்ல இருந்து மட்டும் கணக்கு வரணும், மாத்திக் காட்டுங்க" என்றேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நான்காமவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மாற்றிக் காட்டினான். நான்கு பேருக்கும் நான் போட்ட மார்க் ஒன்றே: 50க்கு 44. அன்று மாலை அவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "மேம், ரெண்டு மாசமா நான் மட்டும்தான் ராத்திரி முழிச்சேன். அது எங்கேயாவது பதிவாகியிருக்கா?"

பதிவாகியிருக்கவில்லை. கடைசி நாளில் வந்த ஒரு ஜிப் கோப்பு மட்டுமே என்னிடம் இருந்தது. யார் எதை எப்போது எழுதினார்கள் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ப்ராஜெக்டை எந்த வழியில் வாங்குவது என்பதை அதுவரை என் வசதி சார்ந்த விஷயமாகவே நினைத்திருந்தேன். மார்க் போட உட்காரும் நாளில் கையில் என்ன சான்று இருக்கும் என்பதை அந்தத் தேர்வுதான் தீர்மானிக்கிறது என்பது அந்த மாலையில்தான் புரிந்தது. அடுத்த செமஸ்டருக்கு லேப் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 60 மாணவர்கள், நாலு பேர் கொண்ட 15 குழுக்கள், ஒரு ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் ஒரு செக்‌ஷன் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஜிப் கோப்பு

கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் போன்ற இணைய வகுப்பறைத் தளம் ஒன்றில் ஓர் அசைன்மென்ட் திறந்து, குழுவுக்கு ஒருவர் ஜிப் ஏற்றுவது மிகப் பழகிய வழி. யாருக்கும் எதையும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மூடுலில் குழுவாகச் சமர்ப்பிக்கும் அமைப்பு உண்டு. ஒருவர் ஏற்றினால் நால்வருக்கும் கணக்கில் வரும். 'எல்லா உறுப்பினரும் ஒப்புதல் தர வேண்டும்' என்ற தேர்வையும் அதில் போட்டுவிடலாம். கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொரு மாணவரின் வேலையும் தனித்தனியாகத்தான் சேரும் என்பதால், குழு விவரத்தை ஒரு ஷீட்டில் நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிக்கல் திருத்தும்போதுதான் தொடங்கும். ஒரு குழு, வெளியிலிருந்து இறக்கிய நிரல்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துச் சுருக்கி நூற்றுக்கணக்கான எம்பி அனுப்பும். இன்னொரு குழுவின் நிரலுக்குள் தரவுக்கோப்பின் முகவரி 'டி டிரைவ்' என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கும், அது அவர்கள் கணினியைத் தவிர வேறெங்கும் ஓடாது. டேட்டாபேஸ் கடவுச்சொல் எங்கே என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகும். 15 குழுக்கள் என்றால் இந்த அரை மணிகளே ஒரு முழு வேலைநாளை விழுங்கிவிடும். இதனால்தான் பலரும் ஜிப்பைத் திறக்காமலேயே, மாணவர்களின் லேப்டாப்பில் டெமோ பார்த்து மார்க் போட்டுவிடுகிறோம்.

முதலாம் ஆண்டில் ஒரு வாரத்துக்குள் முடியும் சின்ன வேலைக்கு ஜிப் போதும். இரண்டு பேர் சேர்ந்து 200 வரி பைத்தான் எழுதுவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இரண்டு மாதம் நடக்கும் குழு ப்ராஜெக்டுக்கு இது போதாது.

தானாகத் திருத்தும் கருவிகள்

கிரேட்ஸ்கோப் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2018இல் டர்னிடின் நிறுவனத்தின் கைக்குப் போன சேவை. மாணவர் நிரலை ஏற்றியதும் டாக்கர் என்ற தனித்த சூழல் பெட்டிக்குள் நம் சோதனைகளை ஓட்டி மார்க்கைக் காட்டும். குழுவில் ஒருவர் ஏற்றிவிட்டு மற்றவர் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மூடுல் ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்கு விபிஎல் என்ற இலவச இணைப்பு உண்டு. ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது.

டேட்டா ஸ்ட்ரக்சர் லேபுக்கு இவை அருமையானவை. ஒரே கணக்கு, ஒரே ஃபங்ஷன் பெயர், ஒரே விடை. 60 பேரின் நிரலும் நாம் தேநீர் குடித்து வருவதற்குள் திருத்தப்பட்டிருக்கும். குழு ப்ராஜெக்டோ அப்படியல்ல. ஒரு குழு மெஸ் கணக்கு எழுதுகிறது, இன்னொன்று பேருந்து நேர அட்டவணை, மூன்றாவது ரத்ததானப் பட்டியல். எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை எழுத முடியாது. எழுத வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே தலைப்பைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் மாணவர் தாமாக ஒரு பிரச்சினையைத் தேடி எடுக்கும் ஆர்வம் போய்விடும், பக்கத்துக் குழுவின் நிரல் கைமாறுவதும் சுலபமாகிவிடும்.

நடுவழி ஒன்று எனக்குப் பலன் தந்தது. தலைப்பு எதுவாக இருந்தாலும் ஒரே கட்டளையில் செயலி எழும்ப வேண்டும், மாதிரித் தரவு தானாக நிரம்ப வேண்டும், குழு தானே எழுதிய சோதனைகள் இன்னொரு கட்டளையில் ஓட வேண்டும். இந்த மூன்றையும் மட்டும் கருவி பார்க்கிறது. மற்றதை நான் பார்க்கிறேன். 'எங்க கம்ப்யூட்டர்ல ஓடிச்சு மேம்' என்ற பேச்சு இந்த ஒரே விதியோடு நின்றது.

கிட் ரெப்போ

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக எழுதினார். ஊர் தெரியாத, முகம் தெரியாத பலரின் வேலையை ஒன்றுசேர்க்கும்போது யார் எந்த வரியை மாற்றினார் என்று தெரிய வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. நமக்கும் அதேதான் தேவைப்படுகிறது. குழுவுக்கு ஒரு தனி ரெப்போ (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு), அதில் நான்கு மாணவர்களும் ஆசிரியரும் உறுப்பினர்கள். சமர்ப்பித்தல் என்று தனியாக ஒரு சடங்கு இல்லை. கெடு முடியும் நேரத்தில் ரெப்போவில் என்ன இருக்கிறதோ அதுவே சமர்ப்பிப்பு. 2020 ஏப்ரலுக்குப் பின், ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துத் தனிப்பட்ட ரெப்போ வைத்துக்கொள்ளலாம், ஆகவே செலவு ஒரு தடையில்லை.

இணையம் அடிக்கடி போகும் கல்லூரி என்றாலும் கைவிட வேண்டியதில்லை. கிட்ஹப்பின் வேலையைச் செய்யும் கிட்டீ என்ற திறமூல மென்பொருள் மிக லேசானது; லேபில் ஓரமாகக் கிடக்கும் ஒரு பழைய கணினியில் போட்டு, கல்லூரி நெட்வொர்க்குக்குள்ளேயே ஓட்டலாம். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலும் ஓடும். அதே வகையான கிட்லாபையும் இப்படி நம் சர்வரில் நிறுவலாம், ஆனால் அதற்கு நினைவகம் அதிகம் வேண்டும்.

இந்த வழியை நான் ஆதரிக்கிறேன். அதனாலேயே இதிலுள்ள குழிகளை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் குழி, கெடு. கமிட்டில் (ரெப்போவில் ஒரு மாற்றத்தைப் பதியும் பதிவில்) பதியும் தேதியும் நேரமும் மாணவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து வருபவை. அதை மாற்றுவது ஒரு வரிக் கட்டளை வேலை. 'கமிட் பதினொன்றரைக்கே போட்டாச்சு, நெட் இல்லாததால காலையில புஷ் பண்ணினோம்', அதாவது சர்வருக்கு அனுப்பினோம், என்று ஒரு குழு சொன்னால் உண்மையா என்று அந்தத் தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமர்ப்பிக்கும் கமிட்டின் மேல் டேக் என்ற அடையாளம் போடச் சொல்வதும் முழுக் காப்பு ஆகாது, டேக்கை நகர்த்திப் புதிய கமிட்டின் மேல் வைக்கலாம். கெடு நேரத்தில் 15 ரெப்போக்களையும் நம் கணினிக்கு இழுத்து வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றே நம்பகமான வழி. புஷ் ஆகி சர்வரில் இருந்ததுதான் கணக்கு என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது குழி நம் லேப்களுக்கே உரியது. கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் கணினியின் அமைப்பில் யார் என்ன தட்டினார்களோ அதுதான். காலை பேட்ச் மாணவி ஒருத்தி தன் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். மதியம் அதே இருக்கையில் உட்காருபவனின் கமிட் எல்லாம் அவள் பெயரில் ஏறும். நிரல் எழுதிய பையனின் பெயர் வரலாற்றில் ஓரிடத்திலும் இல்லாமல் போன ஒரு குழுவை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் மூன்று பெயரில் தெரிவதும் உண்டு: வீட்டு லேப்டாப்பில் ஒன்று, லேபில் ஒன்று, உலாவியிலேயே திருத்தும்போது ஒன்று. இதைப் பின்னால் சரிசெய்ய மெயில்மேப் என்ற கோப்பு உதவும். 'இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்' என்று அதில் எழுதி வைத்தால் கிட் சேர்த்துக் கணக்கிடும்.

மூன்றாவதுதான் பெரிய குழி: கமிட் எண்ணிக்கையை உழைப்பின் அளவாக எடுத்துக்கொள்வது. ஆளுக்கு இத்தனை கமிட் வேண்டும் என்று ஒரு செமஸ்டர் நான் சொல்லிப் பார்த்தேன். காற்புள்ளி திருத்தம், வண்ணம் மாற்றம், மறுபடி பழைய வண்ணம் என்று கமிட்கள் குவிந்தன. வரிகளை எண்ணினால் அதைவிட மோசம். கருவி தானாக உருவாக்கும் பேக்கேஜ் லாக் கோப்பு ஒன்றை ஏற்றியவர் பெயரில் ஒரே நாளில் பல ஆயிரம் வரிகள் ஏறும். நிரல் முழுவதையும் ஒழுங்குபடுத்தும் கருவியை ஓட்டியவர் எல்லா வரிகளுக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவார். ஒரு கிளையின் (தனியாகப் பிரித்து நடத்திய வேலையின்) கமிட்களை ஸ்குவாஷ் செய்து ஒன்றாகச் சேர்த்தால் நடுவில் நடந்த பாடு எல்லாம் மறையும். இரண்டு பேர் ஒரே திரையின் முன் உட்கார்ந்து எழுதினால் தட்டச்சு செய்தவர் பெயர் மட்டுமே நிற்கும், கமிட் செய்தியின் அடியில் இணை ஆசிரியர் வரியைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால் தவிர. டேட்டாபேஸ் வடிவமைப்பை நோட்டில் போட்டு யோசித்து முடித்த மாணவியின் வேலை 40 வரியில் அடங்கிவிடும். அந்த 40 வரி இல்லாமல் மற்ற 4000 வரி நிற்காது.

ஆகவே ரெப்போவின் வரலாற்றை நேரடியாக மார்க்காக மாற்றுவதைக் கைவிட்டேன். இப்போது அதை வைவாவுக்கான (வாய்மொழித் தேர்வுக்கான) கேள்வித்தாளாகப் பயன்படுத்துகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காப்பியும் வாங்கிய ப்ராஜெக்டும்

பக்கத்துக் குழுவிலிருந்து எடுத்த நிரலைப் பிடிக்க இரண்டு நல்ல கருவிகள் உண்டு. அலெக்ஸ் ஐகன் 1994இல் உருவாக்கிய மாஸ், ஸ்டான்ஃபோர்டின் சர்வரில் ஓடுகிறது. நாம் நிரலை அங்கே அனுப்ப வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான ஜேபிளாக் திறமூலம். நம் கணினியிலேயே ஓடும், மாணவர் நிரல் வெளியே போகாது. இரண்டுமே மாறியின் பெயரை மாற்றினாலும் ஏமாறாதவை. நாம் கொடுத்த மாதிரி நிரலைக் கணக்கிலிருந்து விலக்கவும் செய்யலாம்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை இவற்றால் பிடிக்க முடியாது, ஒப்பிட இன்னொரு பிரதி நம்மிடம் இருக்காது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டு வாங்கிய நிரலும் அப்படித்தான். இங்கே கட்டம் கட்டமாக வாங்குவதும் வைவாவும்தான் கைகொடுக்கின்றன. வாங்கிய ப்ராஜெக்ட் ஒரே நாளில் ஒரே கமிட்டாக வந்து விழும். மூன்று ரிவ்யூ, ஒவ்வொன்றுக்கும் ரெப்போவில் ஒரு நிலை, ஒவ்வொன்றிலும் நான் கேட்கும் ஒரு சின்ன மாற்றம் என்று வைத்தால் வாங்கியதை வைத்துக் கடைசிவரை ஓட்டுவது கடினம். முழுதும் கடைசி நாளில் வாங்கும் முறைக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மார்க்கைப் பிரிப்பது

எல்லாருக்கும் ஒரே மார்க் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. குழுவாக ஜெயிக்கக் கற்றுக்கொள்ளட்டும், வேலையிடத்தில் அப்படித்தான் என்பார்கள். ஆனால் மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட சோதனையை நினைத்துக்கொள்கிறேன். கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொருவரும் போடும் விசை சராசரியாகக் குறைந்துகொண்டே போனது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் வருபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். தேரில் அதனால் நஷ்டமில்லை, தொட்டவருக்கும் புண்ணியம். பட்டப்படிப்பில் தொட்டுக்கொண்டு வந்தவர் வேலைக்கான நேர்முகத்தில் நிற்கும்போது அடிபடுகிறார். தூங்காமல் எழுதியவர் அடுத்த முறை குழு என்றாலே ஒதுங்குகிறார். இருவருக்கும் நாம் கெடுதல் செய்கிறோம்.

சக மாணவர் மதிப்பீடு இரண்டாவது வழி. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற கருவியின் கணக்கு எளிது, ஷீட்டிலேயே போடலாம். ஒவ்வொருவரும் தன்னையும் சேர்த்து நால்வருக்கும் பங்கு பிரிக்கிறார். மொத்தம் 1 வர வேண்டும். ஒருவருக்குக் கிடைத்த பங்குகளைக் கூட்டினால் அவருடைய காரணி. எல்லாரும் சமமாக உழைத்தால் அது 1. குழுவின் மார்க் 80, ஒருவருக்கு 0.15, 0.20, 0.20, 0.25 என்று கிடைத்தது என்றால் காரணி 0.80, மார்க் 64. இன்னொருவரின் காரணி 1.3 என்றால் 104 வந்துவிடும். அதனால் பாதி மார்க்கை நிலையாக வைத்து, மறு பாதியை மட்டும் காரணியால் பெருக்குவது நல்லது: முதலாமவருக்கு 72, மற்றவருக்கு 92.

கணக்கு அழகானது, ஆனால் நம் வகுப்பறைக்குள் அது வேறு மாதிரி நடக்கிறது. ஒரே அறையில் தங்கும் நால்வர் இரவே பேசி வைத்துக்கொண்டு ஆளுக்குக் கால் பங்கு போட்டுவிடுவார்கள். நண்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அது கெட்ட குணமும் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது மறுபக்கம். மூன்று பேர் நெருக்கமான நண்பர்கள், நான்காவதாக ரோல் நம்பர் வரிசையில் வந்து சேர்ந்த, தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த, அதிகம் பேசாத ஒரு பெண். மூவரும் அவளுக்குக் குறைவாகப் போடுவார்கள். அவள் எழுதிய பகுதியை ரெப்போவில் திறந்து பார்த்தால் குழுவிலேயே அதுதான் சுத்தமாக இருக்கும். அதனால் இந்தப் படிவத்தை நான் அப்படியே மார்க்காக ஏற்பதில்லை. செமஸ்டரின் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வாங்குகிறேன். எண்ணோடு 'இவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லுங்கள்' என்ற வரியையும் கேட்கிறேன். நடுவில் வாங்கும் படிவம்தான் அதிகப் பயன் தருவது. ஒருவர் ஒதுங்குகிறார் அல்லது ஒதுக்கப்படுகிறார் என்று தெரிந்தால் அப்போது பேசிச் சரிசெய்ய இன்னும் வாரங்கள் மிச்சமிருக்கும்.

மூன்றாவது வழி, தனி வைவா. நேரம் இல்லை என்றுதான் எல்லாரும் இதைத் தள்ளுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 60 பேருக்கு 600 நிமிடம், பத்து மணி நேரம். மூன்று மணி நேர லேப் நான்கில் முடிந்துவிடும். ஜிப் கோப்புகளோடு போராடிய நேரத்தைவிட இது அதிகமில்லை.

அந்த 10 நிமிடத்துக்கு முன் மாணவர் பெயரில் உள்ள கமிட்களில் இரண்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒன்றைத் திறந்து, 'இது ஏன் தேவைப்பட்டது? இதற்கு முன் எப்படி இருந்தது?' என்று கேட்பேன். அடுத்து ஒரு சின்ன மாற்றம்: கட்டணத்தில் சலுகை சேர்ப்பது, தவறான தேதி வந்தால் தடுப்பது போன்றது. கடைசியாக, குழுவில் வேறொருவர் எழுதிய பகுதி என்ன செய்கிறது என்று சொல்லச் சொல்வேன். கிட் பிளேம் என்ற கட்டளை ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும். இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காத தேர்வோடு ஓட்டினால் ஒழுங்குபடுத்தும் கருவியின் கூத்து பெருமளவு அடங்கும். சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதியிருந்தாலும் புரிந்து எழுதியவர் இந்தக் கேள்விகளைக் கடந்துவிடுகிறார். அது எனக்குப் போதும். திரைக்கு முன் பேச்சு வராமல் தடுமாறும் மாணவருக்குத் தமிழிலேயே விளக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சோதிக்க வேண்டியது நிரலை, ஆங்கிலத்தை இல்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல துணை. சக மாணவர் மதிப்பீட்டுக்கான டீம்மேட்ஸ் என்ற இலவசச் சேவையும், ரெப்போவில் யார் எந்த வாரம் எந்தப் பகுதியை எழுதினார் என்று படமாகக் காட்டும் ரெப்போசென்ஸும் அங்கே உருவானவை. இரண்டும் திறமூலம். ரெப்போசென்ஸை ஜாவாவும் கிட்டும் உள்ள எந்தக் கணினியிலும் ஓட்டலாம். 15 ரெப்போக்களின் முகவரியைக் கொடுத்தால் உலாவியில் திறக்கும் ஓர் அறிக்கை வரும். வைவாவுக்கு முந்தைய மாலையில் அதைப் பார்த்துத்தான் கேள்விகளைக் குறித்துக்கொள்கிறேன்.

எனக்கு வேலை செய்யும் பங்கீடு இது: ஓடும் செயலிக்கும் குழுவின் சோதனைகளுக்கும் 40, மூன்று ரிவ்யூக்களுக்கு 20, தனி வைவாவுக்கு 30, சக மாணவர் படிவத்தை ஒழுங்காகக் காரணத்தோடு எழுதியதற்கு 10. கடைசிப் பத்து அந்தப் படிவத்தில் என்ன மார்க் வாங்கினார் என்பதற்கு அல்ல, மற்றவரின் வேலையைக் கவனித்து எழுதியதற்கு.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒரே ஆசிரியரிடம் 120 மாணவர்கள் இருந்தால் தனி வைவாவைக் குழு வைவாவாக்கி, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஆசிரியரே அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கலாம். பலவீனமான வழிதான், ஆனாலும் எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள். சொந்தக் கணினி இல்லாத மாணவர்கள் அதிகமுள்ள கலைக்கல்லூரி என்றால் லேப் நேரத்துக்குள் முடிகிற அளவுக்கு ப்ராஜெக்டைச் சுருக்குவதுதான் நேர்மை. வீட்டில் லேப்டாப் உள்ளவரின் கமிட்களோடு இல்லாதவரின் கமிட்களை ஒப்பிடக் கூடாது.

ரெப்போ வழிக்குப் போவதென்றால் முதல் லேபை அதற்காகவே ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் கல்லூரி மின்னஞ்சலையும் கிட்டில் போடட்டும். லேப் கணினி என்றால் முழுக் கணினிக்கும் போடாமல் அந்த ரெப்போவுக்கு மட்டும், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சரிபார்த்து. பிறகு நால்வரும் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பின் ஒரே வரியில் தங்கள் பெயரைச் சேர்த்து ஒரே நேரத்தில் புஷ் செய்யட்டும். முதலாமவருக்குப் போகும், மற்ற மூவருக்கும் மறுக்கப்படும், மெர்ஜ் செய்தால், அதாவது இருவர் மாற்றங்களையும் ஒன்றுசேர்த்தால், மோதல் வரும். அதைக் கெடு இரவில் பதினொரு மணிக்கு முதல்முறையாகப் பார்ப்பதைவிட, நாம் பக்கத்தில் நிற்கும் அந்த மதியத்தில் பார்க்கட்டும்.